உயிரோடு இருந்தவளுக்கு ஒரு படையல்

என் மனைவி அரூரில் எங்கள் வீட்டில் நல்லபடியாக நடமாடிக்கொண்டிருந்த காலத்தில், அவள் இறந்துபோய்விட்டாள் என்று நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனேன். அது வாய் தவறி ஒரே ஒருமுறை சொன்னதல்ல. சைக்கிளில் போன பாதையெல்லாம் சொன்னேன். அதைச் சொல்லிச் சாப்பிட்டிருக்கிறேன். அதைச் சொல்லிப் படுக்க இடம் பெற்றிருக்கிறேன். சொல்லாமல் இருந்திருந்தாலும் அந்தச் சோறும் அந்தப் பாயும் கிடைத்திருக்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

சைக்கிளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் இருக்கும் என் மகள், தன் அடுக்குமாடி வளாகத்துக்குள் சுற்றிவர வாங்கியது. கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுப் பால்கனியில் போட்டிருந்தாள். “நீங்களாச்சும் ஓட்டுங்கப்பா” என்று என் தலையில் கட்டினாள். சின்னச் சக்கரம். நடுவில் ஒரு கீல். அதன்மேல் ஒரு பூட்டு. பூட்டைத் திறந்தால் வண்டி இரண்டாக மடியும். கைப்பிடித் தண்டு கீழே சாயும், பெடல் மடங்கும். மடித்துக் கட்டினால் பெரிய சூட்கேஸ் அளவுதான். பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் நிறுத்திவிடலாம்.

அரூருக்குக் கொண்டுவந்த அன்றே பால் ஊற்றுகிறவர் பார்த்துவிட்டார்.

“என்னாங்க சார், பேத்தி சைக்கிள எடுத்துக்கிட்டீங்களா? கொழந்த அழுவப் போவுது.”

சின்னச் சக்கர வண்டியில் சும்மா உருண்டு போகும் சுகம் கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் சீக்கிரம் நின்றுவிடும். பள்ளம் ஒவ்வொன்றும் முதுகுக்கு வந்து சேரும். அதற்கான டியூப் வழியில் எந்தக் கடையிலும் கிடைக்காது. நாமே சுமந்து போக வேண்டும். காலையில் கிளம்பும்போது நடுக்கீலின் பூட்டை இழுத்துப் பார்க்காமல் ஏறக்கூடாது. ஆனாலும் மொரப்பூர் வரை போய் வந்தவனுக்குத் தர்மபுரி வரை போகத் தோன்றியது. பிறகு பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி இறங்கினேன். அடுத்த தை மாதம் தனுஷ்கோடிக்கே கிளம்பிவிட்டேன்.

நான் வேளாண்மைத் துறையில் அதிகாரியாக இருந்தவன். வேலை பார்த்ததெல்லாம் வேறு மாவட்டங்களில். ஓய்வுக்குப் பிறகு, மனைவியின் தங்கை பொம்மிடியில் இருப்பதால், அரூரில் வீடு கட்டிக்கொண்டோம். வேலையில் இருந்தபோது ஜீப் ஒரு ஊருக்குள் நுழைந்தால் நாற்காலி வரும், இளநீர் வரும், நான் சொல்வதைக் கேட்க நாலு பேர் நிற்பார்கள். ஓய்வுக்குப் பிறகு அரூர்க் கடைவீதியில் நான் நடந்து போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சைக்கிள் அதைத் திருப்பிக் கொடுத்தது. நரைத்த மீசையோடு ஒருவன் குட்டிச் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு வந்தால் டீக்கடை முழுவதும் திரும்புகிறது. வண்டியை மடித்துக் காட்டினால் வயலில் இருப்பவர்கூட வரப்பேறி வருகிறார். மடித்த வண்டியைப் பார்த்ததும், “வெளிய எதுக்கு, உள்ள கொண்டாந்து வெச்சுக்குங்க” என்பார்கள். வண்டி உள்ளே போனால் பின்னாலேயே நானும் போய்விடுவேன்.

தனுஷ்கோடிக்குப் புறப்படும் முன் என் மனைவி ஒன்று கேட்டாள்.

“நீங்க மிதிச்சுக்கிட்டு வாங்க. நான் பஸ்ல முன்னால போயி, நீங்க ராத்திரி தங்குற ஊர்ல ரூம் போட்டு இருக்கேன். சேர்ந்து சாப்பிட்டுட்டுப் படுத்துக்கலாம். நானும் ராமேஸ்வரம் பாத்ததில்ல.”

“அப்புறம் அது தனிப் பயணம் ஆகாது” என்றேன்.

“யாருங்க வந்து பாக்கப் போறாங்க?”

“எனக்குத் தெரியுமே.”

அவள் கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். “சரி, தனியாவே போங்க” என்றாள். அவ்வளவு கண்டிப்பான ஆள் நான். தனியாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மனைவியை பஸ்ஸில் வரவழைப்பது பொய் என்று நினைத்தவன்.

அந்தப் பயணத்தில் ஊரைவிட்டு வெகுதூரம் போன பிறகு, சாலையோரம் ஒரு டீக்கடை. ஒரு அம்மாள் நடத்திக்கொண்டிருந்தார். என் சட்டை வியர்வையில் உப்புப் பூத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே டீயை வைத்தவர், “இந்த வயசுல எதுக்குங்கய்யா இந்தப் பாடு? வீட்ல அம்மா இல்லையா?” என்று கேட்டார்.

“இல்லைங்க” என்றேன்.

கூட வரவில்லை என்ற பொருளில்தான் அதைச் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. அவர் எதைக் கேட்கிறார் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. நம் மொழியில் அந்த ஒரு சொல் ஊருக்குப் போனவர்களுக்கும் பொருந்தும், உலகத்தை விட்டுப் போனவர்களுக்கும் பொருந்தும். நான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்த அம்மாள் உச்சுக்கொட்டினார். பஜ்ஜித் தட்டில் கேட்காமலே இன்னும் ஒன்று வைத்தார். “உக்காந்து மெதுவா சாப்பிடுங்கய்யா” என்றார். வெகுநாளைக்குப் பிறகு என்னை ஒருவர் முழுசாகப் பார்த்த மாதிரி இருந்ததில் என் கண் கலங்கியது.

அடுத்த ஊரில் யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன்.

பொய் தனியாக நிற்காது. எப்படி இறந்தார் என்று கேட்பார்கள், கூட இருந்தீர்களா என்று கேட்பார்கள். இதற்கும் எனக்குச் சரக்கு இருந்தது. பல வருடங்களுக்கு முன் என் மனைவிக்குச் சேலத்தில் ஒரு அறுவை சிகிச்சை நடந்தது. கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதற்குப் பிறகு காய்ச்சல் விடாமல் அடித்து, பிழைப்பாளா என்றே தெரியாமல் கிடந்தாள். நான் அப்போது வெளிமாவட்டத்தில் இருந்தேன். மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார், நகர முடியாது என்று சொல்லி அனுப்பினேன். ஆய்வு தள்ளிப்போனது. அதற்குப் பிறகும் நான் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசனை எனக்கு ஆகாது. அங்கே போய் என்ன செய்வது என்றும் தெரியாது. விருந்தினர் விடுதியில் படுத்துப் பேப்பர் படித்தேன். காய்ச்சல் இறங்கிய பிறகு ஆரஞ்சுப் பழத்தோடு போய் நின்றேன். அத்தனை நாளும் பார்த்துக்கொண்டவள் அவளுடைய தங்கை. உதடு காயாமல் ஸ்பூனில் தண்ணீர் தொட்டு வைத்தது, படுத்த நிலையிலேயே தலையைச் சீவிச் சடை பின்னியது, முதுகு புண்ணாகாமல் பக்கம் மாற்றிப் படுக்கவைத்தது எல்லாம் அவள். பின்னாளில் அவள் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும்.

இவற்றை எடுத்து என்னுடையதாக ஆக்கிக்கொண்டேன். சடை பின்னுவதைச் சொல்லும்போது கேட்பவர்களின் கண் கலங்கும். இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ என் கண்ணும் கலங்கியது. அது நடிப்பில்லை. அதுதான் மோசம்.

தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்வேன். தங்கிய வீட்டாரிடம் “மகளோட பேசிட்டு வந்துடறேன்” என்று சொல்லி வெளியே வந்து நின்று, “சாப்பிட்டியா? கால் வலி எப்படி இருக்கு?” என்று மனைவியிடம் கேட்பேன். பேசிவிட்டு உள்ளே போய், அவளை இழந்தவனாக இலையில் உட்காருவேன்.

ஊரை நெருங்க நெருங்கவாவது நிறுத்தியிருக்க வேண்டும். பழகிவிட்டது. அடுத்த வருடம் திருவண்ணாமலைப் பக்கம் சுற்றிவிட்டுத் திரும்பும்போது, தீர்த்தமலைக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் மழை பிடித்துக்கொண்டது. மிதித்தால் ஒரு மணி நேரத்தில் என் வீடு. ஒரு ஓட்டு வீட்டு வாசலில் ஒதுங்கினேன். மாட்டைக் கட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். அவர் கணவருக்குக் காது மந்தம். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி கட்டிலில் சாய்ந்துகொண்டார்.

“நனையறீங்களே, வண்டிய உள்ள கொண்டாங்க” என்றார் அந்தப் பெண். நான் மடிப்பதைப் பார்த்துவிட்டு, “யெப்பா, பாய் மாதிரி சுருட்டறாரு” என்றார்.

கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் போட்டார். நானும் என் கதையைப் போட்டேன். ஸ்பூன் தண்ணீர், சடை, அரூரில் தனியாக இருப்பது, எல்லாம். அவர் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் கதையைச் சொன்னார்.

அவருக்கு ஒரு மகள் இருந்தாள். கல்யாணமாகி முதல் பிரசவத்தில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் இவர்தான் கூட இருந்தார். மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்ற லாரி வருகிறது, ஒரு எட்டுப் போய்விட்டு வந்துவிடலாம் என்று ஊருக்குக் கிளம்பியிருக்கிறார்.

“எம் முந்தானைய புடிச்சுக்கிட்டு, போவாதம்மான்னா. வுடு பாப்பா, காலையில வந்துடறேன்னு கைய எடுத்து வுட்டுட்டு வந்தேன். இத நான் எங்கூட்டுக்காரர்கிட்டகூட சொன்னதில்லீங்க. நீங்க கூடவே இருந்து பாத்திருக்கீங்க. நான் இல்ல.”

நானும் போகவில்லையம்மா, நானும் உங்களை மாதிரிதான் என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. நான் சொன்னது வேறு. “மனசத் தேத்திக்குங்க” என்றேன். ஒரு அதிகாரி மனுவை வாங்கிக்கொண்டு சொல்வதைப்போல.

மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது அவர் கேட்டார். “பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கிறோம். அதுக்கு முன்னால பூவாடைக்காரிக்குப் படைக்கணும். எம் பொண்ணுக்குப் பொடவ வெக்கிறப்ப ஒங்கூட்டம்மாவுக்கும் ஒண்ணு வெக்கிறேங்க. பேரு சொல்லுங்க.”

எங்கள் பக்கத்தில் வீட்டில் சுமங்கலியாகப் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்பார்கள். கல்யாணம் போன்ற நல்ல காரியத்துக்கு முன் அவளுக்குப் புதுப் புடவையும் பூவும் வளையலும் வைத்துப் படைத்து, அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் மற்றது. படைத்த புடவையை அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி எடுத்து உடுத்திக்கொள்ள வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். என் அம்மாவுக்கு நாங்களே செய்திருக்கிறோம்.

பெயரைச் சொன்னேன். பொய்ப் பெயராவது சொல்லியிருக்கலாம். என் மனைவியின் பெயரைச் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு காலையில் நான் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால், கூடத்தில் அந்தப் பெண் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே என் மனைவி. நடுவில் தாம்பாளத்தில் ஒரு பச்சைப் புடவை, பூ, வளையல். எனக்குக் கையிலிருந்த பை கனத்துவிட்டது.

“வந்துட்டாருங்க சாரு” என்றார் அந்தப் பெண். “தாலுக்காபீசுக்கு வந்தனுங்க. படைச்ச பொடவைய ஒங்க பொண்ணு கட்டணுமில்ல, அதான் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். மடக்கு சைக்கிள் சாரு வூடு எதுன்னு கேட்டா, கொழந்தைங்ககூட சொல்லுது. அக்காகிட்ட எல்லாம் சொல்லிட்டிருந்தேன்.”

“எந்த அக்கா?” என்று கேட்டேன்.

“என்னப்பா தம்பி, அக்காவையே மறந்துட்டியா?” என்றாள் என் மனைவி. “உக்காரு. வெயில்ல வந்திருக்கே.”

எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னை ஒருமையில் அழைத்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண், இவள் யாரென்று தெரியாமல், “நீங்க அவரோட அக்காங்களா?” என்று கேட்டிருக்கிறார். இவள் ஆமாம் என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, தான் எப்படி இறந்தோம் என்பதை முழுவதும் கேட்டிருக்கிறாள்.

“இந்தக் காலத்துல எந்த ஆம்பள சட பின்னி வுடுவான், சொல்லுங்கக்கா” என்றார் அந்தப் பெண்.

“அதானே. நானும் கேள்விப்பட்டதே இல்ல” என்றாள் மனைவி.

“ஒரு படம்கூட மாட்டலையே. கும்புட்டுட்டுப் போலாம்னு பாத்தேன்.”

“மாட்டினா தம்பிக்குத் தாங்காது. அதான் மாட்டல.”

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். கூடத்தில் மூன்றே பேர். இவள் என் மனைவி, உயிரோடு இருக்கிறாள் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. நான் தக்காளியைப் பையிலிருந்து எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தியைக் கொன்றேன், இன்னொருத்தியை ஏமாற்றினேன், இருவரும் என் எதிரிலேயே உட்கார்ந்திருக்கத் தக்காளியை அடுக்கினேன். அந்தப் பெண் எழுந்ததும் என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு, “பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வர்றேன் வாங்க” என்று அவரோடு போனாள்.

திரும்பி வந்தவள் சமைத்தாள். எனக்குப் போட்டாள். நான் சாப்பிட்டு முடித்தேன். பிறகு சொன்னாள்.

“நான் செத்துட்டேன்னு சொன்னது எனக்குப் பெருசா தோணலைங்க. வயசாச்சு, என்னைக்கோ ஒரு நாள் உள்ளதுதான். என்னைப் பாத்துக்கிட்டேன்னு சொன்னீங்களே, அதுதான். தல வாரினது என் தங்கச்சி. கண்ணத் தொறந்து தொறந்து பாப்பேன், நீங்க வந்துட்டீங்களான்னு. இத்தன வருசமா அதப் பத்தி ஒரு வார்த்த ஒங்களக் கேட்டிருக்கனா? வேலை, என்ன பண்ணுவாருன்னு விட்டுட்டேன். நீங்க அத மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். எல்லாம் ஞாபகம் இருந்திருக்கு. ஸ்பூன் மொதக்கொண்டு ஞாபகம் இருந்திருக்கு.”

மறுநாள் பொம்மிடிக்குத் தங்கை வீட்டுக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. மாவு அரைத்து வைத்து, கேஸ் மூடும் விதத்தைச் சொல்லிவிட்டு, சாதாரணமாகத்தான் போனாள். எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. வராமல் போய்விடுவாளோ என்ற பயம் அன்று வந்தது. இருக்கிற காலத்தில் ஒரு நாளாவது அவளை நான் நிஜமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு அவள் இடம் கொடுக்க வேண்டும். இது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

என்னால் ஆன பரிகாரம் என்று எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. பொய் சொன்ன பாதையில் மறுபடி போய், சொன்ன இடங்களிலெல்லாம் உண்மையைச் சொல்வது. தனுஷ்கோடி வரை முழுவதையும் மறுபடி மிதிக்க உடம்பில் தெம்பில்லை. தூரமான இடங்களுக்குப் பஸ்ஸில் போய் இறங்கி, அங்கே சைக்கிளை விரித்துக்கொண்டேன். தனிப் பயணம், கண்டிப்பு எல்லாம் போய்விட்டது.

டீக்கடை அம்மாளிடம் முதலில் போனேன். அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. சொன்னேன்.

“உசுரோட இருக்காங்களா?” என்றார்.

“இருக்கா.”

“சந்தோசம். நல்லா இருக்கட்டும்.” டீயை ஆற்றி வைத்தார். “அன்னிக்குக் கண்ணு கலங்குனீங்களே ஐயா, அது என்ன தண்ணி?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் டீயைக் குடித்தேன். இன்னோர் ஊரில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், “எங்க வீட்டம்மா என்னைய அப்படித்தான் சார் சொல்லிட்டுத் திரியறா. நீங்களாவது வெளியூர்ல சொன்னீங்க” என்று முதுகில் தட்டினார். இன்னொரு வீட்டில், முன்பு எனக்குத் தலையணை உறையை மாற்றிப் போட்ட மனிதர், நான் பேசி முடிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார். சாத்தியது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நம்ப வேண்டும்.

தீர்த்தமலைக்குப் பக்கத்துக் கிராமத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அந்தப் பெண் வாசலில் மரவள்ளிக் குச்சியைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. வண்டியை உள்ளே கொண்டுவரச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் வந்தவனைத் தண்ணீர் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள்.

நின்றபடியே, மனப்பாடம் செய்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவர் பாதியில் நிறுத்தினார்.

“அக்கா பஸ் ஸ்டாண்டுலயே சொல்லிட்டாங்க.”

என் மனைவி அன்றே சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். பையன் கல்யாணத்துக்கு அவள் பொம்மிடியிலிருந்து வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டுப் போயிருக்கிறாள். எனக்குத்தான் ஒன்றும் தெரியாது. என்னிடம் சொல்லாமல் எப்படி என்று வாய்வரை வந்தது. கேட்க எனக்கென்ன யோக்கியதை?

“பொடவ வெச்சது எனக்கு வருத்தமில்ல” என்றார் அவர். “உசுரோட இருக்கிறவங்களுக்கு வெச்சா ஆயுசு கெட்டின்னு அக்காவே சிரிச்சாங்க. ஆனா நான் ஒங்ககிட்ட சொன்னேனே சார், முந்தானைய புடிச்சான்னு. ஒங்களுக்குத் தெரியும்னுதான சொன்னேன். அத யாருகிட்ட போயி நான் திருப்பி வாங்கறது?”

“நானும் போகலைம்மா. என் சம்சாரம் அப்படிக் கிடந்தப்ப நான் போகல.”

“அதையும் அக்கா சொன்னாங்க.” குச்சியைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டினார். “அத அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, நம்மளாட்டம் இன்னொரு ஆளும் இருக்குதுன்னு நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன். நீங்க கூடவே இருந்தேன்னீங்க. ஒரு மாசம் முழுக்க, ஒரு ஆம்பள இருந்திருக்காரு, பெத்தவ நான் இல்லையேன்னு நெனச்சே செத்தேன். போங்க சார், மழ வர்றதுக்குள்ள வூடு போயிச் சேருங்க.”

வானத்தில் மேகமே இல்லை.

அங்கிருந்து வீட்டுக்குப் போகாமல் பொம்மிடிக்குத் திருப்பினேன். தங்கை வீட்டு வாசலில் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கொழுந்தியாளைக் கூப்பிட்டு, அவள் செய்ததையெல்லாம் நான் செய்ததாகச் சொன்னதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“விடுங்க மாமா, அக்கா சொல்லிட்டா” என்றாள் அவள். கொஞ்சம் யோசித்து, “சட பின்னினதுகூட உண்மையில சடையில்ல மாமா. சிக்கு எடுக்க முடியல, பாதிய வெட்டித்தான் விட்டேன். அக்கா வருத்தப்படுவான்னு சட பின்னினேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்” என்றாள்.

மனைவி கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “எனக்குத் தெரியும்டி. கண்ணாடியில பாத்தேன்” என்றாள்.

மாசக் கடைசியில் அவள் அரூருக்குத் திரும்பினாள். பேசாமல் இருக்கவில்லை. கரண்டு போனது, பால் திரிந்தது, மகள் போன் செய்தது எல்லாம் பேசினாள். சைக்கிளை மகள் வந்தபோது காரில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டாள். நான் தடுக்கவில்லை.

பிறகு மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன் வந்தது. இதுதான் சமயம் என்று நினைத்தேன். முன்னாலேயே பையைக் கட்டினேன். துண்டு, பிளாஸ்க், கறுப்புக் கண்ணாடி எல்லாம் எடுத்து வைத்தேன். கிளம்புகிற காலையில் பொம்மிடியிலிருந்து தங்கை வந்து நின்றாள்.

“நீங்க வர வேணாங்க” என்றாள் மனைவி.

“நான் பாத்துக்கறேன். இந்த ஒரு தடவ.”

“பாத்துப்பீங்க. நல்லாத்தான் பாத்துப்பீங்க. ஆனா நீங்க ஒரு டம்ளர் தண்ணி குடுத்தாலும், இத எங்க போயி எப்படி சொல்லுவாரோன்னு எனக்குத் தோணும். அந்த நெனப்போட என்னால படுத்திருக்க முடியாது.”

நான் கட்டின பையைத் தங்கை எடுத்துக்கொண்டாள். இருவரும் ஆட்டோவில் போனார்கள்.

வீடு திரும்பிய பிறகு ஒரு மாதம் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். ஒரு நாளைக்குப் பல தடவை. தங்கை சில நாள் இருந்துவிட்டுப் போய்விட்டாள். மருந்துக் குப்பியை நான் கையில் எடுத்தேன். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

“மணி மட்டும் சொல்லுங்க, போதும்” என்றாள்.

அதனால் மணி சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேரம் வந்ததும் “மணி ஆச்சு” என்கிறேன். அவள் அண்ணாந்து, இமையை ஒரு விரலால் இழுத்து, தானே விட்டுக்கொள்கிறாள். முதல் சொட்டு புருவத்தில் விழுகிறது, இரண்டாவது கன்னத்தில். மூன்றாவதோ நான்காவதோ கண்ணுக்குள் போகிறது. நான் எழுந்திருப்பதில்லை. விட்டு முடித்ததும் கண்ணை மூடியபடி, “அடுத்தது எப்ப?” என்று கேட்கிறாள். சொல்கிறேன்.